ஜெபப் புத்தகமும் ஒரு பானைக் கஞ்சியும்

இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள ஒரு சிறு நகரத்தில் நாங்கள் வாழ்கிறோம். அங்கே இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த ஆங்கிலிக்கன் கோயில் ஒன்றின் பக்கத்துக் கூடத்தில், மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் மாலை 5.30 மணிக்கு ஒரு சிறு தமிழ் ஐக்கியம் கூடுகிறது. எல்லாரும் வந்தால் 22 பேர். பனி கொட்டிய ஒரு ஜனவரி மாலையில் 5 பேர் மட்டும் இருந்தோம். பெரும்பாலோர் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களிலிருந்து மருத்துவமனை வேலைக்கும் முதியோர் இல்ல வேலைக்கும் வந்தவர்கள். இரண்டு குடும்பங்கள் யாழ்ப்பாணத்தவர்கள். தமிழ் அறியாத மூன்று ஆங்கிலேய முதியோரும் தவறாமல் வருகிறார்கள். சேர்ந்து ஆராதிக்கிறோம், சேர்ந்து சாப்பிடுகிறோம், வேதத்தில் ஒரு பகுதியைச் சேர்ந்து கற்கிறோம். 2018ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் தொடங்கிய இதை நடத்தும் பொறுப்பு பெரும்பாலும் எங்கள் வீட்டின்மேல் இருந்துவருகிறது. இதுபோன்ற ஒன்றைத் தொடங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்று எண்ணி, நாங்கள் தவறிய இடங்களையும் திருந்திய விதத்தையும் எழுதுகிறேன்.

தொடங்கிய காரணம் எளியது. என் மனைவி செவிலியர்; ஒரு நாள் வேலை என்றால் பன்னிரண்டரை மணி நேரம். ஞாயிறு காலை ஆராதனைக்கு மாதத்தில் ஒருமுறை வர முடிந்தாலே பெரிது. அவரைப் போல இன்னும் சிலர், ஊர்க்கோயிலின் ஆராதனையைத் தொலைபேசியில் பார்த்தபடி ஞாயிற்றுக்கிழமையைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கூடிப் பேசியபோது, வாடகைக்கு ஒரு மண்டபம் பிடித்து, ஒரு பெயரும் பலகையும் வைத்துத் தனிச் சபையாகவே தொடங்கிவிடலாம் என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. அதைச் சொல்லி வாழ்த்துப் பெறத்தான் எங்கள் பகுதிக் குருவானவரிடம் போனேன். அவர் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தனியாகப் போகாதீர்கள். இந்தக் கோயிலின் ஓர் ஐக்கியமாக இருங்கள், கூடத்தின் சாவியைத் தருகிறேன்” என்றார். அன்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சாவியோடு எங்களுக்கு வந்து சேர்ந்தவற்றை இப்போது எண்ணிப் பார்க்கிறேன். வாடகை இல்லாத கூடம், அடுப்பும் பாத்திரமும் உள்ள சமையலறை, கட்டடத்துக்கு ஏற்கெனவே இருந்த காப்பீடு, பிள்ளைகளின் பாதுகாப்பைக் கவனிக்கப் பயிற்சி பெற்ற ஒரு பொறுப்பாளர், கணக்கைப் பார்க்கச் சபை மன்றம், எல்லாவற்றுக்கும் மேலாக, நாங்கள் தவறும்போது திருத்துவதற்கு எங்களுக்கு வெளியே ஒருவர். பிள்ளைகளோடு ஒரு பெரியவர் தனியாக இருக்கக்கூடாது, எப்போதும் இருவர் இருக்க வேண்டும், அவர்கள் குற்றப் பதிவுச் சரிபார்ப்பு முடித்தவர்களாக இருக்க வேண்டும் என்ற விதியை முதல் நாளிலேயே அந்தப் பொறுப்பாளர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். “நம்ம ஆட்கள்தானே” என்று சொல்லி நாங்களாக இருந்தால் அதை விட்டிருப்போம்.

முதல் மூன்று மாதங்கள் ஆராதனைக்கென்று ஓர் ஒழுங்கு எங்களிடம் இல்லை. யாருக்கு ஏவுதல் உண்டோ அவர் பாடட்டும், யாருக்குப் பாரம் உண்டோ அவர் ஜெபிக்கட்டும் என்று விட்டிருந்தோம். விரைவிலேயே இரண்டு பேர் மட்டும் ஜெபிக்கிற கூட்டமாக அது ஆகிவிட்டது. அவர்களில் ஒருவர் இருபது நிமிடம் ஜெபிப்பார். அதற்குள் பிள்ளைகள் மேசைக்கு அடியில் போயிருப்பார்கள். கூச்சமுள்ளவர்கள் வந்து, அமர்ந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் வீடு திரும்பினார்கள். அப்போதுதான் அப்பாவின் பழைய தமிழ் ஜெபப் புத்தகத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். அட்டை பிரிந்து, சணல் நூலால் கட்டப்பட்டிருந்த அந்தப் புத்தகத்தை, ஊரைவிட்டுப் புறப்படும்போது அம்மா என் பையில் வைத்திருந்தார்.

அதிலுள்ள மாலை ஜெபம் எங்களுக்குப் பொருந்தியதற்கு அதன் பிறப்பே காரணம். மடங்களில் துறவிகள் பகலும் இரவும் பல வேளைகளில் சொல்லிவந்த ஜெபங்களை, 1549இல் கான்டர்பரி தலைமைப் பேராயர் தாமஸ் கிரான்மர் காலை ஜெபம், மாலை ஜெபம் என்று இரண்டாகச் சுருக்கி, வேலை செய்து பிழைக்கிற சாதாரண மக்கள் தங்கள் சொந்த மொழியில் சொல்லும்படி பொது ஜெபப் புத்தகத்தில் அமைத்தார். குருவானவர் இல்லாத இடத்திலும் சபையார் ஒருவர் அதை நடத்தலாம். பாவ அறிக்கை, சங்கீதம், இரண்டு வேத வாசிப்புகள், மரியாளின் பாட்டு, சிமியோனின் பாட்டு, விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், முடிவில் மூன்று சிறு ஜெபங்கள் என்று இருபத்தைந்து நிமிடத்தில் முடிகிறது. நடத்துகிறவருக்குப் பேச்சுத் திறமை வேண்டியதில்லை. புத்தகத்தைத் தெளிவாக வாசித்தால் போதும். “கர்த்தர் உங்களோடிருப்பாராக” என்று ஒருவர் சொன்னால், மற்ற எல்லாரும், ஜெபிக்கத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் உட்பட, பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் பிள்ளைகள் அந்தப் பதில்களைக் காதால் கேட்டே கற்றுக்கொண்டார்கள். என் இளைய மகளுக்கு இப்போது மரியாளின் பாட்டு முழுவதும் தமிழில் மனப்பாடம். ஆங்கிலேய முதியோருக்கோ அந்தப் புத்தகத்தின் 1662ஆம் ஆண்டு ஆங்கில வாசகம் சிறு வயதிலிருந்தே நெஞ்சில் இருக்கிறது. நாங்கள் தமிழில் சொல்லும்போது, அவர்கள் அதே இடத்தில் அதே ஜெபத்தைத் தங்கள் மொழியில் மெதுவாகச் சொல்கிறார்கள், மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. டிசம்பரில் நான்கு மணிக்கே சூரியன் மறைந்துவிடும் இந்த நாட்டில், எங்கள் இருளை ஒளியாக்கும் என்று கேட்கும் மூன்றாம் ஜெபத்தைச் சொல்லும்போது, அது இங்கேதான் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் எனக்குத் தோன்றுகிறது.

திருவிருந்தைக் குறித்து ஆரம்பத்திலேயே தெளிவாக இருப்பது நல்லது. நாம்தான் கூடியிருக்கிறோமே, அப்பமும் திராட்சை ரசமும் மேசையில் வைத்து நாமே ஆசரிக்கலாமே என்று ஒரு சகோதரர் உண்மையான வாஞ்சையோடு கேட்டார். ஆங்கிலிக்கன் ஒழுங்கில் அதற்கு அபிஷேகம் பெற்ற குருவானவர் வேண்டும். இங்கிலாந்துத் திருச்சபையின் விதிப்படி, நோயாளிகள் இருக்கும் வீட்டைத் தவிர, பிரதிஷ்டை செய்யப்படாத, உரிமமும் பெறாத இடத்தில் குருவானவரும் பேராயரின் அனுமதியின்றி அதை நடத்த முடியாது. ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை, குருவானவர் தலைமையில் கோயிலுக்குள் திருவிருந்து ஆராதனையை முடித்துக்கொண்டு, பிறகு கூடத்துக்கு வந்து சாப்பிடுகிறோம். இரண்டு மேசைகளையும் வேறாக வைத்ததால், சாப்பாட்டு மேசையை யாரும் பயமின்றி அணுக முடிந்தது. ஞானஸ்நானம் பெறாத நண்பர்களும் அங்கே உரிமையோடு அமர்கிறார்கள்.

சாப்பாடுதான் எங்களைக் கட்டியது. ஏறக்குறைய உடைத்ததும் அதுதான். ஆகவே அதைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கத்துக் கோயில்களில் பிரதிஷ்டைப் பண்டிகை அசனம் என்றால் ஊரே கூடும். அண்டா அண்டாவாகச் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் வைத்து, வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற அந்த நினைவோடுதான் நாங்கள் தொடங்கினோம். முறைவைத்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு வீடு சமைப்பது என்று முடிவாயிற்று. முதல் வீடு கோழிக்குழம்பு வைத்தது. அடுத்த வீடு பிரியாணியும் தயிர்ப்பச்சடியும் செய்தது. அதற்கடுத்த வீடு பிரியாணியோடு மீன் வறுவலும் பாயசமும் கொண்டுவந்தது. யாரும் போட்டி என்று நினைக்கவில்லை, அன்பினால்தான் செய்தார்கள். ஆனால் ஆறாவது மாதத்தில், தன் முறை வருவதற்கு முந்தின வாரம் ஒரு சகோதரி வேலை இருப்பதாகச் சொல்லி விலகிக்கொண்டார். அடுத்த கூட்டத்துக்கும் வரவில்லை. அவர் நான்கு பேரோடு ஒரு வீட்டைப் பகிர்ந்து, சமையலறையில் ஓர் அடுப்புக்காகக் காத்திருக்கும் நிலையில் இருந்தவர். இருபது பேருக்குப் பிரியாணி செய்ய அவரிடம் பாத்திரமும் இல்லை, பணமும் இல்லை. கேட்க வெட்கப்பட்டு, வராமல் இருந்துவிட்டார். என் மனைவி நேரில் போய்ப் பேசியபிறகுதான் இது எங்களுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து சோறு, ஒரு குழம்பு, ஒரு பொரியல், மோர் என்று வைத்துக்கொண்டோம்; அதற்குமேல் யாரும் எதுவும் கொண்டுவரக்கூடாது. பிறந்தநாள் கேக்குக்கு மட்டும் விலக்கு உண்டு. சமையலும் வீடுகளிலிருந்து கோயில் சமையலறைக்கு மாறியது. இருவர் இருவராக மதியமே வந்து அங்கேயே சமைக்கிறார்கள்.

இரண்டாவது தவறு வரிசையில் இருந்தது. ஆராதனை, பிறகு வேதபாடம், கடைசியில் சாப்பாடு என்று நடத்தினோம். அதுதான் முறை என்று எனக்குத் தோன்றியது. ஓர் ஆண்டுக்குப் பிறகு ஓர் ஆங்கிலேய அம்மையார் என்னிடம் தனியாகக் கேட்டார்: “உங்கள் வேதபாடத்தில் பெண்களுக்கு விருப்பம் இல்லையா?” எனக்குப் புரியவில்லை. அடுத்த கூட்டத்தில் கவனித்தேன். வேதபாடம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் ஒருவர் பின் ஒருவராகப் பெண்கள் எழுந்து, குழம்பைச் சூடாக்கவும் தட்டுகளை எடுத்து வைக்கவும் சமையலறைக்குப் போனார்கள். ஒரு வருடமாக நான் பெரும்பாலும் ஆண்களுக்கு மட்டுமே போதித்துக்கொண்டிருந்தேன், அதை நான் காணவே இல்லை. இப்போது மாலை ஜெபம் முடிந்தவுடன் சாப்பாடு. சாப்பிட்ட மேசையிலேயே வேதபாடம். கடைசியில் ஒரு சிறு இரவு ஜெபம். பாத்திரம் கழுவுவது ஆண்களின் பொறுப்பு. அதுவும் இரவு ஜெபத்துக்குப் பிறகுதான். அதுவரை தட்டுகள் அப்படியே கிடக்கும். வேலையிலிருந்து பசியோடு நேராக வருகிறவர்களுக்கும் இந்த வரிசையே நல்லது.

மூன்றாவது, ஆபத்தாகவே முடிந்திருக்கக்கூடிய ஒன்று. அக்கம்பக்கத்து ஆங்கிலேயக் குடும்பம் ஒன்று தங்கள் மகனோடு வந்தபோது, அவனுக்கு ஒவ்வாமை உண்டு என்று முன்பே சொல்லியிருந்தார்கள். நாங்கள் கடலை, முந்திரி எதுவும் சேர்க்காமல் கவனமாகச் சமைத்தோம். பையன் தட்டை எடுத்தபிறகு அவன் தாய், “இதில் கடுகு இல்லையே?” என்று கேட்டார். எங்கள் சமையலில் கடுகு தாளிக்காத பதார்த்தம் எது? தட்டைத் திரும்ப வாங்கி, அவனுக்கு வெறும் சோறும் தயிரும் கொடுத்தோம். இந்த நாட்டில் உணவு விற்போர் அறிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருள்கள் 14 உண்டு என்றும், கடுகும் எள்ளும் அவற்றில் அடங்கும் என்றும் அன்றுதான் கற்றேன். கடைப் பெருங்காயத்தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருப்பதால், கோதுமை ஒவ்வாத ஒருவருக்குச் சாம்பாரும் ஆகாது. இப்போது ஒவ்வொரு பாத்திரத்துக்கு முன்னும் என்னென்ன சேர்த்திருக்கிறோம் என்று ஒரு சீட்டு இருக்கும். தாளிப்பைத் தனிக் கிண்ணத்தில் வைத்து, வேண்டியவர் ஊற்றிக்கொள்கிறார்கள். மீந்த சோற்றை மேசையிலேயே விட்டுவைக்காமல், ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சூடான நாட்டிலிருந்து வந்த நமக்குப் பழைய சோற்றின்மேல் நம்பிக்கை அதிகம். ஆனால் நாம் வீட்டில் நீரூற்றி வைக்கிற முறை வேறு, வெப்பமூட்டிய கூடத்தில் பாத்திரத்தோடு கிடக்கிற சோறு வேறு.

போதனையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தொடக்கத்தில் நாற்பது நிமிடம் பிரசங்கித்தேன். சாப்பிட்ட பிறகு நாற்பது நிமிடம் கேட்க யாராலும் முடியாது. இப்போது அன்றைய வேத வாசிப்புகளில் ஒன்றை இருவர் இருமுறை வாசிக்கிறார்கள். ஒரு நிமிடம் அமைதி. பிறகு நான் பத்து நிமிடம் விளக்குகிறேன்; மீதி நேரம் கேள்விகளுக்கு. 2020 மார்ச்சில் கோயில் கட்டடங்கள் மூடப்பட்டபோது, ஆராதனையையும் போதனையையும் கணினித் திரையில் தொடர்ந்தோம். இரண்டும் குறைவின்றி நடந்தன. ஆனாலும் கோடைக்குள் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். மேசை திரும்ப வந்தபோதுதான் அவர்களும் வந்தார்கள். ஆதித் திருச்சபையைப் பற்றிச் சொல்லும்போது அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரம் உபதேசம், அந்நியோந்நியம், அப்பம் பிட்குதல், ஜெபம் என்ற நான்கையும் ஒரே வசனத்தில் வைத்திருப்பதை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். அவற்றுள் ஒன்றை எடுத்துவிட்டால் மற்றவை எப்படித் தளரும் என்பதை அந்த ஆண்டில் பார்த்தேன்.

இனி எழுதப்போவதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பலநாள் யோசித்தேன். ஆனால் இதை விட்டுவிட்டால் மேலே எழுதியதற்கெல்லாம் பெரிய மதிப்பில்லை.

2022 அக்டோபரில் ஓர் இளைஞர் புதிதாக வந்தார். முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பாளராக வேலைக்கு வந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. மாலை ஜெபத்தில் அவர் சங்கீதத்தை வாசித்த விதத்திலேயே, ஓய்வுநாள் பாடசாலையில் நன்றாக வளர்ந்தவர் என்று தெரிந்தது. சாப்பிடும்போது அவர் எனக்கு எதிரே அமர்ந்தார்.

“தம்பிக்கு எந்த ஊர்?” என்று கேட்டேன்.

“தூத்துக்குடி மாவட்டம், அண்ணே. சாயர்புரம் பக்கம்.”

“பக்கம்னா, எந்த ஊர்?”

ஊர்ப் பெயரைச் சொன்னார்.

“ஊருக்குள்ளேயா? யார் வீட்டுப் பிள்ளை?”

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு ஏதோ ஒரு பெயரைச் சொன்னார். நான் தலையசைத்துவிட்டுக் குழம்பு ஊற்றிக்கொண்டேன். அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை, அதற்கடுத்ததற்கும் வரவில்லை. வேலை அதிகமாயிருக்கும் என்று நான் சொன்னபோது, என் மனைவி என்னைப் பார்த்து, “நீங்க கேட்ட கேள்விக்கு யார்தான் திரும்பி வருவாங்க?” என்றார்.

அந்தக் கேள்வி என்ன கேட்கிறது என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊரைக் கேட்பது அன்பு. ஊருக்குள் எந்தப் பக்கம் என்று கேட்பது வேறு. நான் அதை எண்ணிக் கேட்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். எண்ணாமலே நாவில் வருகிறது என்பதுதான் அதிலுள்ள கேடு. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், பேராயர் அசரியாவைப் பற்றி இதே மேசையில் பெருமையோடு போதித்திருந்தேன். வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்து, 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானவர். 1910இல் எடின்பரோவில் கூடிய மிஷனெரி மாநாட்டில், தியாகம் செய்கிறீர்கள், ஏழைகளுக்குக் கொடுக்கிறீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று வெள்ளையரின் முகத்துக்கு நேரே கேட்டவர். அவர் தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல் திருமண்டலத்தில் தம் வாழ்நாளைச் செலவிட்டதும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்களிடையேதான். அதையெல்லாம் சொல்லிக்கொடுத்த வாய்தான் அந்தக் கேள்வியையும் கேட்டது.

அவர் தங்கியிருந்த வீட்டைக் கேட்டறிந்து போனேன். கதவருகே நின்றபடியே மன்னிப்புக் கேட்டேன். அவர் உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்தார். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “கேட்டது எனக்குப் புதுசில்லண்ணே. இவ்வளவு தூரம் வந்தும் கேட்பாங்கன்னு நினைக்கலை” என்றார். திரும்ப வருமாறு நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

நவம்பர் கூட்டத்தில், வழக்கமான வேதபாடத்துக்குப் பதிலாக, ஜெபப் புத்தகத்திலுள்ள வினாவிடையை எடுத்துக்கொண்டேன். திருவிருந்தில் பங்குபெற ஆயத்தமாக்கும் திடப்படுத்தலுக்கு முன் நாம் எல்லாரும் ஒப்புவித்ததுதான். அதன் முதல் கேள்வி, உன் பெயர் என்ன என்பது. இரண்டாவது, இந்தப் பெயரை உனக்கு இட்டவர் யார் என்பது. ஞானஸ்நானத்தில் என் ஞானப்பெற்றோர் இட்டார்கள், அதிலே நான் கிறிஸ்துவின் அவயவமும் தேவனுடைய பிள்ளையும் பரலோக ராஜ்யத்தின் சுதந்தரவாளியும் ஆனேன் என்று விடை போகிறது. ஒருவரிடம் திருச்சபை முதலில் கேட்பது அவ்வளவுதான்; எந்த ஊர் என்றோ யார் வீடு என்றோ அது கேட்பதில்லை. நான் கேட்டதையும், யாரிடம் என்று சொல்லாமல், அந்த மேசையிலேயே அறிக்கையிட்டேன். பிறகு கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் எழுதிய கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். சபைக்குள் சாதி வேறுபாடுகள் உறுதியாகவும் உடனடியாகவும் முடிவாகவும் கைவிடப்பட வேண்டும் என்று அவர் எழுதியபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் கோயிலைவிட்டே போனார்கள். சேர்ந்து அமர்வதும் ஒரே பாத்திரத்தில் திருவிருந்து அருந்துவதும் அவர்களால் தாங்க முடியாததாக இருந்தது. யாழ்ப்பாணத்துப் பெரியவர், தங்கள் பக்கத்திலும் யார் எங்கே அமர்வது என்ற கணக்கு கோயிலுக்குள் இருந்ததை மெதுவான குரலில் சொன்னார். ஆங்கிலேய அம்மையாரோ, இந்த நாட்டுக் கோயில்களிலும் ஒரு காலத்தில் பணமுள்ளவர்கள் வாடகை கொடுத்து முன்வரிசை இருக்கைகளை வைத்திருந்தார்கள், ஏழைகள் பின்னால் அமர்ந்தார்கள் என்றார். அன்று யாரும் எழுந்து சமையலறைக்குப் போகவில்லை.

அதன் பிறகு புதிதாக வருகிறவர்களிடம் பெயரை மட்டும் கேட்பது, ஊரை அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்வது, அதற்கு மேல் தோண்டாதிருப்பது என்று எங்களுக்குள் ஏற்றுக்கொண்டோம். இதை எழுத்தில் வைக்கவில்லை. ஆனால் யாராவது மறந்தால் பக்கத்திலிருப்பவர் பேச்சை மாற்றிவிடுகிறார். தமிழர் ஐக்கியம் எதுவாயினும், சாப்பாட்டுப் பட்டியலுக்கு முன்னால் இதைத்தான் பேசி முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை அந்த இளைஞர் வந்தார். யார் அழைத்தார்கள் என்று தெரியாது, நான் கேட்கவில்லை. கிறிஸ்துவின் வருகைக்கு ஆயத்தமாகும் நாட்களின் இரண்டாம் வாரம் அது. வேத வசனங்களைக் கேட்டு, வாசித்து, குறித்துக்கொண்டு, கற்று, உணவைப்போல உள்ளே செரிக்கச் செய்யும்படி வேண்டுகிற, கிரான்மர் எழுதிய சிறுஜெபம் அந்த வாரத்துக்குரியது. அன்றைய வேதப் பகுதியை வாசிக்கும்படி யாழ்ப்பாணத்துப் பெரியவர் அவரிடம் புத்தகத்தை நீட்டினார். அவர் எழுந்து வாசித்தார்.

கைப்பிடி அரிசியை எங்களுக்கு நினைவூட்டியவரும் அந்த இளைஞர்தான். சோறு பொங்க அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடியைக் காணிக்கைக்கென்று தனிக் கலயத்தில் போட்டுவைக்கும் பழக்கம் எங்கள் பாட்டிமார் காலத்திலிருந்து உண்டு. 2023இல், உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு முந்தின நோன்பு நாட்களான லெந்து நாட்களில் அதை ஒவ்வொரு வீட்டிலும் தொடங்கி, கூட்டத்துக்கு வரும்போது கொண்டுவந்து ஒரே பையில் கொட்டினோம். முதல் முறை அதைச் சோறாக வடித்துப் பார்த்தோம். பொன்னியும் பாஸ்மதியும் மட்டையரிசியும் யாழ்ப்பாணத்தாரின் சிவப்பரிசியும் கலந்திருந்ததால், ஒன்று குழைந்தபோது மற்றொன்று வேகாமல் நின்றது. “கஞ்சியா வச்சிருங்கக்கா, எல்லா அரிசியும் அதுல சேரும்” என்று அவர் என் மனைவியிடம் சொன்னார். நீரைக் கூட்டி, பயறும் பூண்டும் வெந்தயமும் சேர்த்து, கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றிக் காய்ச்சினால், எந்த அரிசி எது என்று பிரித்தறிய முடியாதபடி வருகிறது. துவையலைத் தனியாக வைப்போம். ஆங்கிலேய முதியோர் தங்கள் ரொட்டியை அதில் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். சாப்பாட்டுக்கென்று வைத்திருந்த உண்டியலில் மிஞ்சும் பணம் இப்போது நகரத்தின் உணவு வங்கிக்குப் போகிறது.

லெந்து முடிந்தபிறகும் கஞ்சியை விடவில்லை; மாதத்தின் நான்காம் சனிக்கிழமை அதுதான். சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டில் அந்த அரிசிப் பை இருக்கிறது, இப்போது பாதிக்கு மேல் நிறைந்திருக்கிறது. இந்த மாதம் அந்தத் தம்பிக்கு ஆறு மணிக்குத்தான் வேலை முடிகிறது. பேருந்து பிடித்து வந்துசேர ஆறே முக்கால் ஆகிவிடும். போஜனம்பண்ணக் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கும்படி பவுல் கொரிந்து சபைக்கு எழுதியிருப்பதால், மாலை ஜெபத்தை ஆறு இருபதுக்குத் தள்ளிவைத்திருக்கிறோம். ஜெபம் தொடங்குகிற நேரத்தில் கஞ்சியை அடுப்பில் ஏற்றினால், அவர் வந்து கை கழுவும்போது சரியாக இருக்கும்.